ஓரக்கோடு

மழை பிடித்துக்கொண்டால் பைண்டிங் கடையில் எதுவும் சொன்ன பேச்சு கேட்காது. பசை காயாது. அட்டை முறுக்கிக்கொள்ளும். காகிதம் ஈரத்தைக் குடித்துவிட்டு உப்பிக்கொண்டு நிற்கும். அந்த மாதிரி நாட்களில் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து எல்லார் மேலும் எரிந்து விழுவார். வெட்டு மெஷினுக்கு முன்னால் நிற்கிற ஆளிடம் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அந்த ஆளைத் தெரு முழுக்க 'கட்டிங்' என்றுதான் கூப்பிடும். கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு, பள்ளிக்கூட டைரி, கம்பெனி ரசீதுப் புத்தகம், எதுவானாலும் கடைசியில் கட்டிங்காரரின் கத்திக்குக் கீழே போய்த்தான் வெளியே வர வேண்டும். அவர் வெட்டிக் கொடுத்த புத்தகத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினால் கண்ணாடியைத் தொட்ட மாதிரி வழுக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, மலையளவு உண்டு.

அவருக்கு ஒரே மகள். பள்ளியில் கடைசி வகுப்பு. வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் சமையலும் சாப்பாடும், மற்றதில் படுக்கையும் படிப்பும். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து, பிழிந்து, தேய்த்து அடுக்க வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பும்போது அவள் கைவிரல்கள் வெளுத்துச் சுருங்கி, வேறு யாரோ ஒரு கிழவியின் விரல்களைப் போல இருக்கும்.

பள்ளியில் ரோபோ செய்கிற குழு ஒன்று தொடங்கினார்கள். தரையில் கிடக்கிற பந்தை ஒரு சின்ன வண்டி தானாகப் போய்க் கையால் எடுத்துக் கூடையில் போட வேண்டும். இதுதான் போட்டி. மகள் அதில் சேர்ந்துவிட்டு வந்து சொன்னபோது மனைவிக்குச் சிரிப்பு வந்தது.

"அந்தக் கூட்டத்துல உனக்கு என்னடி வேலை?"

"நோட்டு எழுதறேன்மா."

"நல்லா இருக்கு கதை. பசங்க மிஷின் செய்வானுங்க, நீ உக்காந்து நோட்டு எழுதுவியா?"

"கையெழுத்து அழகா இருக்குன்னு கேப்டன் என் தலையில கட்டிட்டான்."

கேப்டன் என்பவன் குழுவின் தலைவன். ஊரிலேயே பெரிய இரும்புக்கடை அவன் அப்பாவுடையது. மோட்டார், பேட்டரி, சக்கரம் என்று குழு கேட்டதெல்லாம் அந்தக் கடையிலிருந்துதான் வந்தது. ஆகவே யார் கேப்டன் என்று யாரும் ஓட்டுப் போடவில்லை.

தலையில் கட்டியதை மகள் தலைமேல் வைத்துக்கொண்டாள். தடித்த நோட்டு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பக்க எண் போட்டாள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் வெளி ஓரமாக ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்கு உள்ளே அன்றன்று குழு செய்த வேலை. கோட்டுக்கு வெளியே தேதி, செய்தவர் கையெழுத்து, பார்த்தவர் கையெழுத்து. கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து அவள் கோடு போட்டதைக் கட்டிங்காரர் ஈரத்துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்தார். கோடு நேராக இருந்தது. என் ரத்தம் இல்லையா என்று நினைத்துக்கொண்டார். கோட்டுக்கு வெளியே என்ன வரும் என்று அவள் விளக்கியபோது, துண்டு காதை மூடியிருந்ததோ மனம் மூடியிருந்ததோ, அவருக்கு அது சரியாக ஏறவில்லை.

சாப்பிடும்போது ஒரு நாள் மனைவி கேட்டாள்.

"தப்பா எழுதிட்டா ரப்பர் போட்டு அழிச்சுக்கலாம்ல?"

"பேனாவுலதான்மா எழுதணும். அழிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, மேல வெள்ளை பூசக் கூடாது. தப்புன்னா குறுக்க ஒரு கோடு. கீழ இருக்கறது படிக்கத் தெரியணும்."

"தப்பைப் போய் எதுக்கு எல்லாருக்கும் காட்டணும்?"

"தப்பாப் போனதும் வேலையில சேத்திதான். நாளைக்கு இன்னொருத்தர் அதே தப்பைப் பண்ணாம இருக்கணும்ல."

"அப்படின்னா உங்கப்பாவைக் கட்டிக்கிட்டதுக்கு நானும் குறுக்க ஒரு கோடு போட்டுக்கறேன்."

"போடு, போடு" என்றார் கட்டிங்காரர். "அடிச்சாலும் படிக்கத் தெரியும்டி."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவித்த முட்டையில் பாதியை மகள் அம்மாவின் தட்டில் வைத்தாள், அம்மா அதை அவர் தட்டில் வைத்தாள், அவர் அதை மறுபடியும் மகள் தட்டிலேயே வைத்தார்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு கவலை இருந்தது. போட்டியை நடத்துகிற தொழில்நுட்பக் கல்லூரி, ஜெயிக்கிற குழுவில் ஒரே ஒருவருக்கு இலவசமாக இடம் கொடுக்கும். யாருக்கு என்பதைக் குழு சொல்லாது. நோட்டைப் பார்த்து, எந்த யோசனை யாருடையது என்று நடுவர்களே முடிவு செய்வார்கள். அது கிடைக்காவிட்டால் மகளுக்கு அதற்கு மேல் படிப்பு இல்லை. சலவைக்கூடத்து மேஸ்திரியம்மா வேறு, "பொண்ணு பள்ளிக்கூடம் முடிக்குதாமே, திங்கக்கிழமையிலேருந்து அனுப்பேன், ஆள் குறையுது" என்று சொல்லிவிட்டிருந்தாள். மனைவி இன்னும் பதில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

வண்டியின் கைதான் மக்கர் பண்ணியது. பந்தைத் தூக்கும், பாதியில் தொப்பென்று போடும். கேப்டன் மோட்டாரைக் குறை சொன்னான். அப்பாவின் கடைக்குப் போய்ப் பெரிய மோட்டார் கொண்டுவந்தான். அதுவும் போட்டது. அதைவிடப் பெரியது கொண்டுவந்தான். அது இன்னும் வேகமாகப் போட்டது. மகள் எல்லாவற்றையும் எழுதினாள். எழுதி எழுதிப் பார்த்தவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மோட்டாரிலிருந்து நீட்டிக்கொண்டு சுற்றுகிற கம்பியின் நுனியிலும் அதில் மாட்டியிருந்த பல்சக்கரத்தின் முகத்திலும் சேர்த்து மார்க்கர் பேனாவால் ஒரே கோடாக இழுத்துவிட்டு, கையைச் சில தடவை தூக்கி இறக்கச் சொன்னாள். கோடு இரண்டாக உடைந்து ஒன்றுக்கொன்று தள்ளி நின்றது. மோட்டார் ஒழுங்காகத்தான் சுற்றுகிறது, பல்சக்கரம்தான் வழுக்குகிறது. உருண்டைக் கம்பியில், சக்கரத்தை இறுக்குகிற திருகாணிக்குப் பிடிமானம் இல்லை. அரத்தை வாங்கி, கம்பியின் ஒரு பக்கத்தைத் தட்டையாகத் தேய்த்து, திருகாணியை அந்தத் தட்டையில் இறுக்கினாள். அதற்குப் பிறகு கை பந்தைக் கீழே போடவே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்தவளின் விரல் நுனியெல்லாம் இரும்புத்தூள். "அப்பா, இன்னிக்கு செஞ்சவர் கையெழுத்து என்னுது. பார்த்தவர் சாரு" என்றாள். சார் என்றால் குழுவைப் பார்த்துக்கொள்கிற இயற்பியல் வாத்தியார். கட்டிங்காரர் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். அவருக்குக் கொஞ்சத் தெரியாது.

நோட்டு அதற்குள் படாத பாடு பட்டிருந்தது. பட்டறை மேசையின் எண்ணெய், ஒட்டிய படங்களின் கனம், மழை, எல்லாம் சேர்ந்து முதுகைப் பிளந்துவிட்டன. போட்டிக்கு முந்தின நாள் காலையில் அதை அவரிடம் கொடுத்தாள்.

"முதுகு மட்டும்பா. வேற எதையும் தொடாதீங்க."

"எனக்கே பைண்டிங் சொல்லித் தரியா?"

"இல்லப்பா. ஒரு தாள்கூட உதிரக் கூடாது, அதுக்குத்தான்."

"உதிருமா? என் கையில வந்த புஸ்தகம் உதிருமா? போடி."

கடையில் அன்று வேலை நெருக்கம். மதியச் சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் மகளின் நோட்டைப் பிரித்தார். பழைய நூலை அறுத்தார். புதிய நூலில் மெழுகு தேய்த்து, ஒவ்வொரு மடிப்பாகத் தைத்தார். பசை பூசினார். துணி ஒட்டினார். ஊருக்கெல்லாம் செய்த வேலையை முதல் முறையாகத் தன் வீட்டுக்குச் செய்கிறார். சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் பசை பிசுபிசுவென்று இருந்தது. மழையைத் திட்டினார். அழுத்துப் பலகைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய், "காலையில நேரா போட்டி நடக்கற எடத்துக்கே கொண்டுவந்து தரேன், கவலைப்படாத" என்றார்.

காலையில் சீக்கிரமாகவே போய்க் கடையைத் திறந்தார். முதுகு கல்லாகக் காய்ந்திருந்தது. ஆனால் ஓரம் கண்ணை உறுத்தியது. ஈரத்தில் உப்பிய தாள்கள் ஒன்று நீட்டியும் ஒன்று உள்வாங்கியும் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தன. இதைக் கொண்டுபோய்ப் படித்தவர்கள் முன்னால் வைப்பதா? கட்டிங்காரர் மகள் நோட்டு இது என்று யாராவது சொன்னால்? பின்னட்டையைத் திறந்தார். கடைசிப் பக்கங்கள் வெற்றுத்தாள்கள். வெளி ஓரமாக மகள் இழுத்த கோடு மட்டும் நேராக இறங்கியது. அச்சகத்திலிருந்து வருகிற தாளில் ஓரமாகக் கோடு இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இங்கே வெட்டு. கோட்டுக்கு வெளியே இருப்பது கத்தியின் பங்கு. இத்தனை வருஷம் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அவர் கை வேலை செய்திருக்கிறது. நேற்று தைத்தபோதும் அவர் கண் மடிப்பிலும் ஊசியிலும்தான் இருந்தது. முன்பக்கம் திருப்பிப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. கோட்டுக்கு அளவு வைத்தார். இறுக்கினார். நெம்புகோலை இழுத்தார். கத்தி சத்தமில்லாமல் இறங்கியது.

விரலை ஓட்டிப் பார்த்தார். கண்ணாடி.

பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கல்லூரிக் கூடத்தில் ஒரே இரைச்சல். கயிறு கட்டிப் பெற்றோரை ஒரு பக்கம் நிறுத்தியிருந்தார்கள். மகள் ஓடி வந்து நோட்டை வாங்கினாள். முதுகைத் தடவினாள். "சூப்பர்பா" என்றாள். அதற்குப் பிறகு திறந்தாள்.

அவள் முகத்தில் நடந்ததை அவர் சாகிறவரை மறக்கப்போவதில்லை. ஒரு பக்கம், இன்னொரு பக்கம், இன்னும் ஒன்று என்று வேகமாகப் புரட்டினாள். படம் இருந்தது, அளவு இருந்தது, குறுக்குக் கோடு போட்ட தப்புகள்கூட இருந்தன. தேதி இல்லை. ஒரு கையெழுத்து இல்லை.

"அப்பா, ஓரம் எங்க?"

"கோடு போட்டிருந்தியேம்மா."

அவள் திட்டியிருந்தால் தேவலை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு குழு நின்ற மேசைக்குப் போய்விட்டாள். கட்டிங்காரருக்கு அப்போதுதான் துண்டு காதை மூடிய அந்தச் சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி அற்புதமாக ஓடியது. கை ஒரு பந்தையும் தவறவிடவில்லை. கூடமே கைதட்டியது. கேப்டனின் அப்பா முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டார். பிறகு நடுவர்கள் இரண்டு பேர் மேசைக்கு வந்தார்கள். ஒரு அம்மாளும், கண்ணாடி போட்ட ஒரு மனிதரும். அந்த அம்மாள் நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"கை பந்தைப் போட்டுட்டே இருந்திருக்கு. அது ஏன்னு கண்டுபிடிச்சது யாரு?"

"எல்லாரும் சேந்துதான் மேடம்" என்றான் கேப்டன். "மோட்டார் செலக்ஷன்லாம் நான் பாத்துக்கிட்டேன்."

"நான்தான் மேடம்" என்றாள் மகள். "கோடு போட்டுப் பாத்தது நான். அரம் போட்டதும் நான்."

"இந்தப் பக்கமா? நல்லா எழுதியிருக்கே. தேதி எங்கம்மா? செஞ்சவங்க கையெழுத்து?"

"இருந்துச்சு மேடம். பைண்டிங்ல வெட்டுப்பட்டுடுச்சு."

கண்ணாடிக்காரர் நோட்டை வாங்கி முதுகை அமுக்கிப் பார்த்தார். "இது புதுசா தைச்சிருக்காங்களே. இடையில தாள் சேத்தீங்களா, எடுத்தீங்களான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

கட்டிங்காரர் பொறுக்க முடியாமல் கயிற்றுக்குக் கீழே குனிந்து வந்துவிட்டார். "ஐயா, தப்பு என்னுதுங்க. நான்தான் வெட்டினேன். அந்த வேலை அவதாங்க செஞ்சா. கையெல்லாம் இரும்புத்தூளோட வந்து எங்கிட்ட சொன்னா."

"நீங்க யாருங்க?"

"இவ அப்பா."

அந்த அம்மாள் கெட்டவள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "அப்பா வந்து சொன்னா நாங்க எப்படிங்க எடுத்துக்கறது? எல்லாப் பிள்ளைக்கும் அப்பா இருக்காங்களே." பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினாள். "சார், பார்த்தவர்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே? உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்க சொன்னாப் போதும்."

மகள் நிமிர்ந்து வாத்தியாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இன்னும் நம்பிக்கை இருந்தது. வாத்தியாரின் கண் நோட்டுக்குப் போனது, ஓரத்துக்குப் போனது, அங்கே தன் கையெழுத்து இல்லை என்று பார்த்துக்கொண்டது, முன்வரிசை நாற்காலிக்குப் போய்த் திரும்பியது.

"எத்தனையோ எடத்துல கையெழுத்துப் போடறேன் மேடம். இது யாருது, எதுன்னு இப்ப எப்படி... டீம் ஒர்க்தான். பசங்க எல்லாரும் சேந்து பண்ணினது. கேப்டன்தான் முன்ன நின்னு நடத்தினான்."

கட்டிங்காரர் அங்கே நிற்கவில்லை. ஓடினார். வெட்டிய துண்டுகள் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். கடைக்குப் பின்னால் கழிவு மூட்டைகள். முதலாளி, "என்னய்யா இன்னிக்கு லீவுன்னே?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மூட்டையைக் கவிழ்த்து, மண்டியிட்டு, காகிதக் குப்பையில் கையை விட்டுத் துழாவினார். ரசீதுத் துண்டு, டைரித் துண்டு, ஆய்வேட்டுத் துண்டு. கடைசியில் அடியில் அகப்பட்டது. கத்தி விழுந்தபடியே, அடுக்குக் குலையாமல், விரலகலத்துக்கு ஒரு கட்டு. புரட்டினால் ஒரு துண்டில் தேதி. மகளின் கையெழுத்து. அதற்குக் கீழே வாத்தியாருடையது, கோழி கிறுக்கின மாதிரி.

திரும்பி வந்தபோது கூடத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். குழு ஜெயித்துவிட்டது. இடம் கேப்டனுக்கு. வாத்தியார் வெளியே மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், பாருங்க. உங்க கையெழுத்து சார். அடுக்கு மாறல. ஒட்டினா அப்படியே பொருந்தும்."

வாத்தியார் துண்டுகளைத் தொடவில்லை. "முடிவு சொல்லியாச்சுங்க. கையும் தட்டியாச்சு."

"அந்தப் பையனுக்கு இலவச சீட்டு எதுக்கு சார்? அவங்கப்பா காலேஜையே வாங்குவாரே."

"அடுத்த வருஷமும் நான் அவர் கடை வாசல்லதாங்க போய் நிக்கணும். என் நிலைமையையும் பாருங்க." வண்டியைக் கிளப்பியவர் ஒரு கணம் நின்று, முகத்தைத் திருப்பாமலே சொன்னார். "நீங்க வெட்டாம இருந்திருந்தா நானும் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லாம இருக்க முடியாதே."

அது பொய்யில்லை என்பதுதான் கொடுமை.

வீட்டில் மனைவிக்கு விஷயம் முன்பே தெரிந்துவிட்டது. ரொட்டியும் தேநீரும் அப்படியே ஆறிக்கிடந்தன. அவரைப் பார்த்ததும் பொங்கிவிட்டாள்.

"உங்க கை சும்மாவே இருக்காதா? முதுகை மட்டும் ஒட்டுங்கன்னுதானே சொன்னா? ஊர்ல இருக்கற ஓரமெல்லாம் போதாதுன்னு வீட்டுக்குள்ளயும் வெட்டணுமா?"

"விடும்மா" என்றாள் மகள். தரையில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்திருந்தாள்.

கட்டிங்காரர் துண்டுக் கட்டை அவள் முன்னால் வைத்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "இதுல பேரு இருக்கு, வேலை இல்ல. அதுல வேலை இருக்கு, பேரு இல்ல" என்றாள்.

"ஒட்டித் தரேன்மா. வெட்டினதே தெரியாது. என் கையால ஒட்டினா எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"தெரியாத மாதிரி பண்ணக் கூடாதுப்பா. பண்ணினா அது நோட்டே இல்ல."

அவள் பேனாவை எடுத்தாள். கடைசியாக எழுதிய பக்கத்துக்கு அடுத்த வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். மேலே தேதி போட்டுத் தொடங்கினாள். அதே அழகான கையெழுத்து. அவர் தலைகீழாகவே படித்தார்.

நடந்தது: எல்லாப் பக்கங்களிலும் ஓரம் வெட்டப்பட்டது.

காரணம்: அப்பா.

அடுத்து: திங்கட்கிழமை முதல் சலவைக்கூடம்.

எட்டிப் பார்த்த மனைவிக்கு இப்போது கோபம் மகள் மேல் திரும்பியது. "ஏய், அப்படியாடி எழுதுவே? பெத்தவரைப் போய்... அடிச்சுட்டு வேற ஏதாவது எழுது."

"அடிச்சாலும் படிக்கத் தெரியும்மா."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. செய்தவர் என்று மகள் தன் பெயரை எழுத்துக்குக் கீழேயே நெருக்கிப் போட்டாள். பிறகு நோட்டைத் திருப்பி, பேனாவோடு அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பார்த்தவர் கையெழுத்துப் போடுங்கப்பா."

கட்டிங்காரர் பேனாவைப் பிடித்தார். வெளி ஓரத்துக்குக் கை போனது. அங்கே தாள் முடிந்துவிட்டது. வழுவழுவென்று, கண்ணாடி மாதிரி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"எடமே இல்லையேம்மா. எங்க போடறது?"

"காரணத்துக்குப் பக்கத்துல போடுங்க" என்றாள்.